எண்ணைக் காட்டி விற்ற பூட்டு

அமெரிக்காவின் லைஃப்லாக் கம்பெனி விளம்பரங்களை மறுபடி பார்த்தேன். அப்போதைய தலைவர் டாட் டேவிஸ் தன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையே ஊரறியக் காட்டுகிறார். துணிச்சல்தான், மறுக்கல. ஆனா 2007-லேயே அந்த எண்ணை வைத்து டெக்சாஸில் ஒருத்தர் 500 டாலர் கடன் வாங்கிட்டார்! 2010-இல் பொய் விளம்பர வழக்கைத் தீர்க்க கம்பெனி 1.2 கோடி டாலர் கட்டியது.

எனக்கு உறுத்துவது வேறு. சந்தா வாங்கும் கண்காணிப்புச் சேவைகள் பெரும்பாலும் திருட்டு நடந்த பிறகுதான் மணியடிக்கும். கிரெடிட் ஃப்ரீஸ் போட்டால், புதுக்கடன் கொடுக்க வருபவருக்கு உங்கள் கிரெடிட் அறிக்கையே கிடைக்காது. 2018 செப்டம்பரிலிருந்து அங்கே அது இலவசம் (அதான் விளம்பரம் கண்ணில் படல போல). ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் தனித்தனியாகப் போடணும். கடன் வேணும்னா தற்காலிகமாக எடுத்துக்கலாம். கையிலிருக்கும் கார்டை மட்டும் இது காக்காது. அதுக்கு மாதாமாதம் ஸ்டேட்மென்ட்டை நாமதான் பார்க்கணும்.