ஊழியக்காரியும் மந்திரியும்

பெண்ணுக்குக் குருத்துவம் உண்டா, பால்நிலையிலும் பாலுறவு நாட்டத்திலும் பெரும்பான்மையினின்று வேறுபட்டோருக்குத் திருச்சபையில் இடம் உண்டா என்னும் வினாக்கள் எழும்போதெல்லாம் நம்மிடையே ஒரே விடை முன்வைக்கப்படுகிறது. இவை மேனாட்டுச் சரக்கு. எமது பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்பதே அவ்விடை. அதனை வரலாற்று நோக்கில் பரிசோதிப்பது அவசியம் எனக் கருதுகிறோம். அதற்கு இணுவிலைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பெயர்பெற்ற அச்சைவக் கிராமத்தில் 1898ஆம் ஆண்டு பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மேரி லீச், மார்கரெட் லீச் என்னும் சகோதரியர் இருவர் கடல்கடந்து சென்று அதற்கெனப் பொருள் திரட்டினர். டாக்டர் இசபெல்லா கர் அங்கே நெடுங்காலம் பணியாற்றினார். பெண்களுக்கெனத் தனி வைத்தியசாலை ஏன் வேண்டியிருந்தது? யாழ்ப்பாணத்துக் குலப்பெண்டிர் ஆண் வைத்தியரின் முன் உடலைக் காட்ட ஒருப்படார் என்பதே காரணம். அதாவது, பண்பாட்டை மதித்தே பெண்ணின் கையில் சத்திரக்கத்தி கொடுக்கப்பட்டது. அதே பெண்ணின் கையில் திருவிருந்தின் அப்பம் கொடுக்கப்படாமைக்கும் பண்பாடே காரணமாகக் காட்டப்பட்டது. ஒரே காரணம் வைத்தியசாலையில் கதவைத் திறக்கவும் ஆலயத்தில் கதவை அடைக்கவும் பயன்பட்டதெனில், காரணம் பண்பாடு அன்று, அதிகாரமே என நாம் ஐயுறுவது தவறாகாது.

மேனாடு இவ்விஷயத்தில் முந்திக்கொண்டு வந்து எம்மைக் கெடுத்தது என்பாரும் உளர். உண்மை வேறு. யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமாரை அனுப்பிய கொங்கிரிகேஷனல் சபையினர் தம் நாட்டில் 1853இலேயே அன்ரொனெற் பிரவுண் என்னும் பெண்ணுக்குக் குருத்துவ அபிஷேகம் அளித்திருந்தனர். இணுவில் வைத்தியசாலைக்கு 45 ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது! அந்தச் சரக்குக் கப்பலேறவில்லை. ஆங்கிலக் கல்வி ஏறிற்று, அச்சியந்திரம் ஏறிற்று, மருந்துப் பெட்டி ஏறிற்று. இது மட்டும் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது.

இனி, வேதமே தடுக்கிறது என்னும் வாதத்தை நோக்குவோம். யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன் 1967இல் வெளியிட்ட ‘கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு’ என்னும் நூலைக் கற்றோர், தமிழ் வேதாகமம் எத்தனை கைகளில் எத்தனை முறை திருத்தப்பட்டு வந்தது என்பதை அறிவர். 1871இல் நிறைவெய்திய பவர் ஐயரின் திருப்புதலே பழைய திருப்புதல் என்ற பெயரில் பெரும்பாலான புரட்டஸ்தாந்தக் கிறிஸ்தவர் கைகளில் இன்றும் இருப்பது. அதில் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம்.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் சபையின் பதவியாளரைக் குறிக்கும் ‘தியாக்கொனொஸ்’ என்னும் கிரேக்கச் சொல் ‘உதவிக்காரர்’ எனப்படுகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பெபேயாள் என்னும் பெண்ணுக்கு அதே சொல் வரும்போது அது ‘ஊழியக்காரி’ ஆகிவிடுகிறது. பவுலும் தம்மை வேறிடத்தில் அவ்வாறே அழைத்துக்கொள்கிறார் என்பது உண்மையே. ஆயினும் ஆணுக்கு ‘ஊழியக்காரர்’ என்பது பெருமையாக ஒலிப்பதும், பெண்ணுக்கு ‘ஊழியக்காரி’ என்பது வேலைக்காரி என ஒலிப்பதும் எமது சமூகத்தின் செவியில் உள்ள கோளாறு. அச்செவியோடுதான் வாசிப்பும் பிரசங்கமும் நடைபெறுகின்றன.

மற்றைய சொல் இன்னும் சுவையானது. அப்போஸ்தலர் நடபடிகளில் பிலிப்பிடம் ஞானஸ்நானம் பெற்ற எத்தியோப்பியர் மூலத்தில் ஓர் அண்ணகர். எமது திருப்புதலோ அவரை ‘மந்திரி’ என்கிறது. கிரேக்கத்தில் அச்சொல் சிலவேளை அரண்மனை அலுவலரையும் குறிக்கும் என்பர். ஆனால் அவ்விடத்தில் அதிகாரியைக் குறிக்க வேறொரு சொல் அருகிலேயே நிற்கிறது. மத்தேயு சுவிசேஷத்தில் ‘அண்ணகர்’ என எழுத அஞ்சாத திருப்புதல் இங்கே பதவியை வைத்து உடலை மறைத்துவிட்டது. உபாகமம் இத்தகையோரைச் சபைக்குப் புறம்பாக்கியது; ஏசாயா அவர்களுக்குப் புத்திரரிலும் மேலான நாமத்தை வாக்களித்தார். அவ்விவாதத்தின் முடிவாக நிற்கும் மனிதரே எமது வாசகருக்குத் தெரியாமற் போனார். அன்றைய அண்ணகரும் இன்றைய திருநங்கையரும் தன்பாலின நாட்டமுடையோரும் ஒருவரே என நாம் வாதிடவில்லை. புறம்பாக்கப்பட்ட உடல் ஒன்று வேதத்தினுள்ளேயே உள்ளே வந்தது என்பதே எம் கருத்து.

பண்பாட்டுக் காவலர் மறந்துவிடும் மற்றொன்றும் உண்டு. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 365, 365அ பிரிவுகள் ஆங்கிலேயர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் வழிவந்தவை. 1995இல் சுதந்திர நாட்டின் பாராளுமன்றம் அதனை நீக்காது, பெண்களுக்கும் விரித்தது. அவ்வேற்பாட்டை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. மேனாட்டுச் சரக்கு எது?

பெண் குருத்துவத்தைப் பொறுத்தவரை கதவு திறந்தே விட்டது. தென்னிந்தியத் திருச்சபை 2013இல் நந்தியால் ஆதீனத்துக்கு எக்கோணி புஷ்பலலிதாவைப் பேராயராக்கியது. 2025 ஒக்ரோபரில் கன்ரர்பரிப் பேராயராகச் சாரா முல்லாலி அறிவிக்கப்பட்டார். முன்னாளில் தாதியாகப் பணிபுரிந்தவர் அவர். 2008 முதல் தனியணி கண்ட பழைமைவாத அங்கிலிக்கர் அந்நியமனத்தை உடனே எதிர்த்தனர். அவர் பெண் என்பதும், தன்பாலிணையரை ஆசீர்வதிக்கும் செயலுக்கு இடமளித்தவர் என்பதும் ஒரே மூச்சில் குற்றங்களாகக் கூறப்பட்டன. எதிர்ப்பாளர் இரு வினாக்களையும் பிரிக்கவில்லை. ‘பெண்ணை ஏற்போம், மற்றவரை ஏலோம்’ என நடுவழியில் நிற்கும் எமது முற்போக்குக் குருமார்தாம் பிரித்து வைத்திருக்கின்றனர்.

வேதாகம வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் பலர் இவ்விதழின் வாசகர்கள். ‘ஊழியக்காரி’, ‘மந்திரி’ என்னும் இவ்விரு சொற்களையும் வரும் வாரத்திலேயே மாணவர் முன் விரித்துரைக்கலாம். அதற்கு ஆதீன மன்றத்தின் தீர்மானம் வேண்டியதில்லை.