கிளாடா மோதிரத்தில் கைகள் எங்கே போச்சு?

போன மாசம் என் பழைய தோழி ஒருத்திக்குப் பிறந்தநாள் பரிசு தேடினப்போ கிளாடா மோதிரம் ஞாபகம் வந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே நகரை ஒட்டி இருந்த மீனவர் குடியிருப்புதான் கிளாடா. மோதிரத்துக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. இரண்டு கைகள் ஒரு இதயத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். இதயத்தின் மேல் கிரீடம். கைகள் நட்பு, இதயம் காதல், கிரீடம் விசுவாசம். தோழிக்கும் கொடுக்கலாம், காதலிக்கும் கொடுக்கலாம். இதன் அழகே அதுதான்.

ஆனா இணையத்தில் 'மாடர்ன் கிளாடா' என்று தேடினால் வருவது வேற சமாச்சாரம். ஒரு வகையில் இதயம் பெரிய பச்சைக்கல்லா மாறிடுச்சு. கைகள் அந்தக் கல்லைப் பிடிக்கிற கொக்கி மாதிரி சுருங்கிடுச்சு. இன்னொரு வகையில் எல்லாமே மெல்லிய கம்பிக்கோடு. விரல்களே இல்லை, வளைவு மட்டும். இரண்டும் பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா நான் பார்த்த பக்கங்களில் விளம்பர வாசகம் பூராவும் காதலர்களுக்குத்தான். நட்பு எங்கே போச்சு?

இதில் வேடிக்கை என்னன்னா, இந்த மோதிரத்தில் மூத்தது கைகள்தான். கைகோர்த்த மோதிரங்கள் ரோமானியர் காலத்திலேயே உண்டு. பின்னாளில் இத்தாலிய மொழியில் அவற்றுக்கு 'மானி இன் ஃபேதே', அதாவது நம்பிக்கையில் கோத்த கைகள், என்று பெயர். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், கைகளைப் பிரித்தால் உள்ளே இதயம் தெரிகிற மாதிரி அடுக்கு மோதிரங்களும் செய்தாங்க. கால்வே பொற்கொல்லர் ரிச்சர்ட் ஜாய்ஸ், அல்ஜியர்ஸில் அடிமையா இருந்து தொழில் கற்று, 1689 வாக்கில் விடுதலையாகி ஊர் திரும்பினார் என்ற கதை பிரபலம். கிளாடா வடிவம் பிறந்ததும் அவர் கையால்தான் என்பார்கள். அதை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, கைகள் அவருக்கு ரொம்ப முந்தியவை.

எதையும் மாற்றவே கூடாதுன்னு நான் சொல்லவில்லை. கிரீடம் இல்லாத வடிவமும் உண்டு. அதுவும் பொருள் இழக்காமல்தான் நிற்கிறது. என் அளவுகோல் எளிது: இதயத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்க. மீதி இருப்பதில் இரண்டு கைகள் தெரியணும். தெரியலைன்னா அது வெறும் இதய மோதிரம். கிளாடா என்பது விற்பனைப் பெயர்.

பதக்கங்கள் மேல் எனக்கு வேறொரு குறை. வலது கையில் இதயத்தின் கூர்முனை விரல் நுனியைப் பார்த்தால் மனசு இன்னும் யாருக்கும் போகலை. மணிக்கட்டைப் பார்த்தால் ஆள் வந்தாச்சு. இடது கையில் மணிக்கட்டைப் பார்த்தால் கல்யாணம் ஆயாச்சு. இதுதான் வழக்கம். கழுத்தில் தொங்கும் பதக்கத்தைத் திருப்பிப் போட வழி ஏது? வடிவம் இருக்கு, பேச்சு போச்சு.

கடைசியில் கல் எதுவும் இல்லாத, கொஞ்சம் கனமான வெள்ளி மோதிரம் ஒன்று வாங்கினேன். அதில் சட்டைக் கையின் மடிப்பு வரைக்கும் செதுக்கியிருந்தாங்க. தோழி அதைப் பார்த்ததும் கேட்டது, "இது யாரோட கை?" கேள்வி சரியா வந்தது. கம்பிக்கோட்டு மோதிரம் கொடுத்திருந்தா அதைக் கேட்டிருக்க மாட்டாள்.