கிட்டாரை விடுங்கள், டிரம்ஸைக் கேளுங்கள்

'ஹியர் கம்ஸ் த சன்' என்று பேச்செடுத்தாலே எல்லோரும் கிட்டாரில் போய் நிற்கிறார்கள். ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ என்ற பிடிப்பானை மாட்டியதால் வரும் அந்த மினுமினுப்பு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1969-இல் வந்த 'அபே ரோடு' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கிவைக்கும் இந்தப் பாட்டில் நம்பிக்கை ஊட்டுபவர் டிரம்மர். நான் அவர் கட்சி.

நடுப்பகுதிக்கு வாருங்கள். அதுவரை நாலு நாலாக நடந்த தாளம் அங்கே உடைகிறது. அரை அரை அடியாக எண்ணினால் 11, பிறகு 8, பிறகு 7. பாட்டை எழுதியவர் சித்தார் பயின்றவர். கணக்கு வந்த வழி அதுதான். தொடையில் தட்டிப் பாருங்கள், இரண்டாவது சுற்றிலேயே கை தடுமாறும். பாட்டோ தடுமாறவே இல்லை.

இந்த இடம் கிடைத்தால் பல டிரம்மர்கள் ஒவ்வொரு முறிவிலும் சிம்பலை அறைந்து, 'கணக்கைப் பார்த்தாயா' என்று காட்டுவார்கள். இவர் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. குரல் எங்கே அழுத்துகிறதோ அங்கே அடிக்கிறார், மீதியை விட்டுவிடுகிறார். இதைத்தான் 'சும்மா தாளம் பிடிக்கிறார்' என்று ஐம்பது ஆண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோபமே வருகிறது. இடக்கைக்காரர், வலக்கைக்காரருக்கு அடுக்கிய டிரம்ஸில் உட்கார்ந்து வாசிக்கிறார். டாம் என்னும் டிரம்களில் உருளும்போது கை சுற்றிப் போக வேண்டியிருப்பதால் இம்மியளவு தாமதம் விழுகிறது. அடுத்த அடி வருமா என்று காது ஏங்கும், வந்துவிடும். நம்பிக்கை என்று நாம் உணர்வது அந்த வருகையைத்தான்.

இந்தப் பாட்டில் ஒலிக்கும் மூக் சிந்தசைசர் அன்று அலமாரி அளவு இருந்த புதுக் கருவி. சுற்றுக்குச் சுற்று அது மேலே ஏறுகிறது என்று சிலாகிப்பார்கள். டிரம்ஸ் என்ற தரை ஆடாததால்தானே ஏற முடிகிறது?

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். கணினிக் கட்டத்துக்குள் அடிகளை நறுக்கி ஒட்டும் பழக்கம் சலித்துவிடும். ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கும் இளைஞர்கள் உடைந்த தாளங்களுக்குத் திரும்புவார்கள். கேப்போவை மட்டும் நகலெடுப்பவர்கள் ஒரு பாட்டோடு காணாமல் போவார்கள். வேகத்தை வைத்துத் தயாரிக்கும் 'தலைசிறந்த டிரம்மர்' பட்டியல்கள் மாறும். இந்தப் பாட்டின் டிரம்மர் முதல் ஐந்துக்குள் வருவார். அடுத்த பெரிய நம்பிக்கைப் பாட்டில் சிம்பல் குறைவாகவும் டாம் அதிகமாகவும் கேட்கும். பந்தயம் கட்டத் தயார்.