எல்லைக்கோடும் குப்பைமேடும்

கொழும்பைப் 'பூங்கா நகரம்' எனப் போற்றுவது நம் அறிவாளர் பலருக்குப் பழகிப்போன வழக்கம். 1921இல் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் இந்நகருக்கு வகுத்தளித்த திட்டத்தோடு அச்சொல்லை இணைத்துப் பேசுவர். கெடிஸைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர் பெயரை ஓதுவோர் ஒரு வினாவை மட்டும் எழுப்புவதேயில்லை: இப்பூங்காவின் குப்பை எவர் வாசலில் கொட்டப்படுகிறது?

1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் தோன்றிய கொழும்பு மாநகரசபையின் பரப்பு இன்று ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். வடக்கே களனி கங்கை; தெற்கே தெஹிவளைக் கால்வாய். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே நடப்பவன் அக்கால்வாயைக் கடந்ததும் வேறொரு மாநகரசபையின் ஆட்சிக்குள் நுழைகிறான். கடைகள் இடையறாது தொடர்வதால் எல்லை கடந்ததை அவன் உணர்வதில்லை. ஆதனவரிச் சீட்டுத்தான் உணர்த்தும். இதனால் தெஹிவளைக்குப் பெருங்கேடு இல்லை. அதுவும் மாநகரசபை; அதற்கும் வருவாய் உண்டு.

கிழக்கெல்லையின் கதை வேறு. அதைச் சொல்லுமுன் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒருமுறை திரும்ப வேண்டும். அங்கே புளூமெண்டால் குப்பைமேடு பல்லாண்டுகள் நின்றது. அதன் நாற்றத்தை நுகர்ந்தோர் 'தோட்டம்' எனக் கொழும்பில் வழங்கும் நெருக்கடியான குடியிருப்புகளின் உழைப்பாளிகள். (பூங்கா நகரத்தின் தோட்டங்கள் இவைதாம் போலும்!) ஆயினும் அவர்களுக்கு அக்குப்பையைக் கொட்டிய சபையில் வாக்குரிமை இருந்தது. 2009இல் அம்மேடு மூடப்பட்டு, தலைநகரின் குப்பை கொலன்னாவை நகரசபைக்குட்பட்ட மீதொட்டமுல்லைக்குத் திரும்பியது. அங்குள்ளோர் கொழும்பு மாநகரசபைக்கு வாக்களிக்க முடியாது. அவர்கள் ஊர்வலம் சென்றனர், மறியல் செய்தனர், முறையிட்டனர். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, மேடு சரிந்து வீடுகளை விழுங்கிற்று. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதனை இயற்கையின் சீற்றம் என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. மழை பெய்தது மெய். குப்பையை அங்கே குவித்தது மழையன்று. உள்ளூராட்சிச் சட்டம் மனிதனை அவன் உறங்கும் இடத்தால் எண்ணுகிறது. கொலன்னாவையில் உறங்கிக் கொழும்பில் உழைப்பவனின் வியர்வை எல்லையைத் தாண்டி நகருக்குள் வரலாம். அவனது வாக்கு வரலாகாது. நகரின் கழிவு மட்டும் தடையின்றி வெளியே போகும்.

அப்படியாயின் எல்லைகளை அழித்து யாவற்றையும் இணைத்துவிடலாமே என்பர் சிலர். கொழும்பையும் அயல் சபைகளையும் ஒரே பெருநகர் நிர்வாகத்தின்கீழ்க் கொணரும் யோசனை 2010ஐ ஒட்டி எழுந்தது, நிறைவேறவில்லை. அக்காலம் கொழும்பில் தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லாதிருந்த காலம் என்பதை இணைப்புவாதிகள் மறத்தலாகாது. வாக்கைப் பெருக்காமல் பரப்பை மட்டும் பெருக்கும் இணைப்பில் நமக்கு நம்பிக்கையில்லை. எனினும், கொட்டுகின்ற சபை, கொட்டப்படுகின்ற ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்னும் விதி வேண்டும். எல்லை அப்படியே இருந்தாலும் அவ்விதியை இயற்றலாம்.

நம் எழுத்தாளரையும் கேட்கவேண்டியிருக்கிறது. நமது கொழும்புக் கதைகளில் காலி வீதியும் கடற்கரையும் வந்த அளவுக்குக் கொலன்னாவை வந்ததில்லை. அங்கு மாண்டோர் பெரும்பாலும் சிங்கள ஏழைகள் என்பதால் இது நமது பொருளன்று எனக் கருதிவிட்டோமா?

மீதொட்டமுல்லைக்குப் பின் கொழும்பின் குப்பைக்குக் கண்ட இடம் புத்தளத்து அருவக்காடு. 2018இல் புத்தளம் மக்கள் அதை எதிர்த்து வீதிக்கு வந்தனர். கொழும்பு மாநகரசபையில் அவர்களுக்கும் வாக்கு இல்லை.