நாற்பதா, தொண்ணூறா?

சிறிய மில்லிங் மெஷினில் கியர் வெட்ட முனைபவர் டிவைடிங் ஹெட் வாங்கப் போனால், எத்தனை பிரிவுகள் செய்யலாம் என்றுதான் முதலில் கேட்கிறார். விற்பவரும் அந்த அட்டவணையைத்தான் முன்னால் வைக்கிறார். என் மதிப்பில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அந்த ஹெட் நம் மெஷினின் மேஜைக்குள் அடங்குமா, கட்டர் பல்லைக் கடிக்கும்போது ஸ்பிண்டில் அசையாமல் நிற்குமா, வார்ம் வீல் நல்லதா என்பவை அதற்கு முன்னால் வர வேண்டும்.

துளை வட்டங்கள் உள்ள இண்டெக்ஸ் பிளேட் துல்லியமானதா என்ற அச்சத்தை முதலில் தீர்த்துவிடலாம். 50 மி.மீ. ஆரத்தில் உள்ள ஒரு துளை 0.1 மி.மீ. விலகிப்போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டறையில் இது சிறிய பிழையல்ல. ஆனால் 40:1 வார்ம் (கைப்பிடி நாற்பது சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் ஒரு சுற்று) அதை நாற்பதில் ஒன்றாக்கிவிடுகிறது, 30 மி.மீ. ஆரமுள்ள கியரின் விளிம்பில் மிஞ்சுவது 0.0015 மி.மீ.தான். அதே பிளேட்டை ஸ்பிண்டிலில் நேரடியாக மாட்டிப் பிரித்தால் 0.06 மி.மீ. பிழை அப்படியே பல்லில் இறங்கும். வார்ம் வீலின் பிழையை மட்டும் எதுவும் சுருக்குவதில்லை. அது மையம் விலகி உட்கார்ந்திருந்தால் எவ்வளவு துல்லியமான பிளேட்டும் அதைக் காப்பாற்றாது. பணம் வார்முக்கும் ஸ்பிண்டில் பேரிங்குக்கும் போக வேண்டும், பிளேட்டுக்கு அல்ல.

இந்த அளவுகோலில் மலிவான ஸ்பின் இண்டெக்ஸர் உடனே விலகிவிடுகிறது. அதில் வார்மே இல்லை. 36 துளைகளும் வெர்னியர் போல அமைந்த பத்துத் துளைகளும் சேர்ந்து ஒரு டிகிரி வரை தருவதால், 360ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் மட்டுமே கிடைக்கும். 32 பல் கூட வராது.

எதிர்முனையில் இருக்கும் யூனிவர்சல் டிவைடிங் ஹெட்டும் சிறிய மெஷினுக்குப் பொருந்தவில்லை. ட்விஸ்ட் டிரில்லின் சுருள் பள்ளத்தை வெட்டவே ஜோசப் பிரவுன் 1862இல் யூனிவர்சல் மில்லிங் மெஷினை அமைத்தார். அங்கே மேஜை கோணமாகத் திரும்பும்; மேஜையின் லீட்ஸ்க்ரூவோடு ஹெட் கியர்களால் இணையும். இந்த இரண்டு வசதியும் இல்லாத சிறிய நிமிர்ந்த மில்லில் அந்த ஹெட்டின் பாதி வேலை முடங்கிவிடும். மீதமிருப்பது டிஃபரென்ஷியல் இண்டெக்ஸிங், அதாவது பிளேட்டையும் கியர்களால் சுழற்றி, துளை வட்டங்களில் கிடைக்காத எண்களைப் பிரிப்பது. அதன் தேவையையும் வேறு வழியில் தீர்க்கலாம்.

ஆகவே உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான்: பிஎஸ்-0 வகை செமி யூனிவர்சல் ஹெட் (40:1), செங்குத்தாக நிறுத்தி டெயில்ஸ்டாக்குடன் பயன்படுத்தும் ரோட்டரி டேபிள் (பெரும்பாலும் 90:1).

பிரவுன் அண்ட் ஷார்ப் பிளேட்டுகள் மூன்றில் உள்ள வட்டங்கள் 15 முதல் 20 வரை. 21, 23, 27, 29, 31, 33. 37, 39, 41, 43, 47, 49. இவற்றோடு 40:1 ஹெட் 50 வரை எல்லா எண்ணையும் பிரிக்கும்; 51இல்தான் முதன்முதலில் தடுக்கும். அதே பிளேட்டுகளோடு 90:1 டேபிள் 28இலேயே தடுக்கும், 44இலும் தடுக்கும். இதுவரை நாற்பதுக்கே வெற்றி. ஆனால் நாற்பதால் முடியாத 51, 57, 63, 96 எல்லாம் தொண்ணூறுக்கு எளிது. இவற்றில் 63 முக்கியமானது. அங்குல லீட்ஸ்க்ரூ உள்ள லேத்தில் மெட்ரிக் மரை வெட்டக் கச்சிதமாகத் தேவைப்படுவது 127 பல். அது இல்லாதபோது 80/63 என்ற இணை 1.27க்கு 0.0125 சதவீதம் வரை நெருங்கிவிடும். அந்த 63க்கு 90:1 டேபிளில் ஒரு சுற்றும் 21இல் 9 துளைகளும் போதும்.

தொண்ணூறின் குறைகளைப் பட்டறையிலேயே நிரப்பலாம். 28 துளையும் 22 துளையும் கொண்ட ஒரு பிளேட்டை அதே டேபிளில் டிகிரி, நிமிடம் படித்துத் துளைத்தால் 28, 44 இரண்டும் தீர்ந்தன. படிக்கும்போது நேரும் பிழை அடுத்த சுற்றில் தொண்ணூறில் ஒன்றாகிவிடும். துளைகள் நெருங்கினாலும் 127 துளை பிளேட்டும் இப்படியே வரும். டிஃபரென்ஷியலுக்கு அங்கே வேலையில்லை. ஸ்டெப்பர் மோட்டார் பூட்டினால் பிளேட்டே வேண்டாம். 200 ஸ்டெப் மோட்டார், எட்டு மைக்ரோஸ்டெப், 90:1 என்றால் சுற்றுக்கு 1,44,000 ஸ்டெப். ஒன்றுக்கு 9 ஆர்க் செகண்ட். ஒரு நிபந்தனை உண்டு. 127 பல்லுக்கு ஒவ்வொரு முறையும் 1,134 என்று முழுமையாக்கிக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 18 ஸ்டெப் மிகும். 63.5 மி.மீ. ஆரத்தில் அது 0.05 மி.மீ.; கடைசி இடைவெளியில் மொத்தமாக வந்து விழும். கண்ட்ரோலர் ஒவ்வொரு பல்லின் இடத்தையும் பூஜ்யத்திலிருந்தே கணக்கிட வேண்டும்.

இடம் என்ற கேள்வியில் டேபிள் தெளிவாக முந்துகிறது. சீக் எக்ஸ்2 போன்ற மெஷினின் மேஜை ஏறத்தாழ 390 மி.மீ. நீளம், 92 மி.மீ. அகலம். அதில் ஹெட்டின் நீண்ட உடல், சக், மாண்ட்ரல், டெயில்ஸ்டாக் என்று வரிசையாக வைத்தால் கட்டர் ஓட மிஞ்சும் நீளம் சொற்பம். நிறுத்திய ரோட்டரி டேபிள் அச்சின் திசையில் மெல்லியது. அதோடு அதன் பூட்டு, வட்டத்தட்டின் விளிம்பைப் பிடிக்கிறது. ஹெட்டின் பூட்டு சிறிய விட்டமுள்ள ஸ்பிண்டிலைப் பிடிக்கிறது. விட்டுவிட்டு வெட்டும் கட்டரின் அடியைத் தாங்க விளிம்புப் பிடியே உறுதியானது. ஒரு எச்சரிக்கை: பிளாங்க்கின் ஆரம் மைய உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 127 பல், மாட்யூல் 1 என்றால் ஆரம் 64.5 மி.மீ.; மிகச் சிறிய டேபிள்களில் இதை அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஹெட்டுக்கு உரியதை மறுக்கவில்லை. அதன் ஸ்பிண்டில் சாயும். பெவல் கியருக்கு அது வேண்டும். நடுவே துளை உள்ளதால் நீண்ட ஷாஃப்டின் முனையில் பினியன் வெட்டலாம். இந்த வேலைகள் அடிக்கடி வருமானால், மெஷினும் தாங்குமானால், பிஎஸ்-0தான் சரி. ஸ்பர் கியரும் லேத்தின் சேஞ்ச் கியரும் மட்டும் வெட்டுகிற பெரும்பாலோருக்கு என் தீர்ப்பு 90:1 ரோட்டரி டேபிள்.

பிரிப்பில் ஆர்க் செகண்டுகளைத் துரத்துவோர் கட்டரையும் நினைக்க வேண்டும். எட்டுக் கட்டர் செட்டில் 55 முதல் 134 பல் வரை ஒரே கட்டர்; அதன் வடிவம் 55க்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும்.

வாங்கும்போது டேபிளை முழுச் சுற்று சுற்றி, எட்டு இடங்களில் நிறுத்தி பேக்லாஷைக் கையால் உணர வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் கவலையில்லை; ஒரே திசையில் சுழற்றி வந்தால் அது கியரில் ஏறாது. ஓரிடத்தில் தளர்ந்து எதிர்ப்புறம் இறுகினால் வார்ம் வீல் மையத்தில் இல்லை. அந்த டேபிளை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.