ஸ்மூத் ஜாஸும் அதன் உரைகல்லும்

ஸ்மூத் ஜாஸ் என்றாலே ஹோட்டல் லிஃப்டில் ஒலிக்கும் இசை என்று ஒதுக்கிவிடும் ஜாஸ் ரசிகர்கள் பலர். அவர்கள் ஒதுக்குவது அதன் பிற்கால வடிவத்தைத்தான். அதைத் தொடங்கிவைத்தவர்கள் பீபாப்பில் ஊறியவர்கள். கிளப்புகளில் விடிய விடிய மனோதர்மமாக வாசித்துத் தேறியவர்கள். அந்தத் தேர்ச்சியோடு அவர்கள் அடக்கி வாசித்தபோது பிறந்தது இந்த இசை. ஆகவே நல்ல ஆல்பத்தைக் கண்டுகொள்ள நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: மெட்டு முடிந்தபின் வாசிப்பவர் எங்கே போகிறார்? போவதற்கு அவருக்கு இடம் விட்டிருக்கிறார்களா?

முன்னோடி வெஸ் மான்ட்கோமரி. கிட்டாரைக் கட்டைவிரலாலேயே மீட்டுவார்; ஒரு சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து ஒலிப்பது அவருடைய முத்திரை. 1967இல் தயாரிப்பாளர் கிரீட் டெய்லர் அவரை வைத்து ‘எ டே இன் த லைஃப்’ ஆல்பத்தை வெளியிட்டார். பீட்டில்ஸ் பாட்டு, டான் செபெஸ்கியின் இசைக்கோப்பில் வயலின் கூட்டம், நடுவே அந்தக் கட்டைவிரல். தட்டு நன்றாக விற்றது. மறு ஆண்டே வெஸ் 45 வயதில் காலமானார். என் உரைகல் இந்த ஆல்பத்தை முழுதாக ஏற்கவில்லை. வெஸ் நீண்டு வாசிக்க இதில் இடம் குறைவு. ஆனால் டெய்லர் 1970இல் தம் சி.டி.ஐ. நிறுவனத்தைத் தனியாக்கி, நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவு செய்த தட்டுகளில் அந்த இடம் தாராளமாகக் கிடைத்தது. ஃபிரெடி ஹப்பர்டின் ‘ரெட் கிளே’, ஸ்டான்லி டரென்டைனின் ‘சுகர்’ இரண்டையும் கேட்டால் தெரியும்.

அந்தப் பாணி கனிந்தது குரோவர் வாஷிங்டன் ஜூனியரிடம். 1971இல் ஹேங்க் கிராஃபோர்ட் வர முடியாமல் போன ஒரு பதிவுக்கு மாற்றாளாக, தாம் பழகிய டெனரை வைத்துவிட்டு ஆல்டோ சாக்சபோனை எடுத்தார். அதுவே ‘இன்னர் சிட்டி புளூஸ்’ என்ற அவருடைய முதல் ஆல்பமாயிற்று. 1975இல் வந்த ‘மிஸ்டர் மேஜிக்’கின் தலைப்பு உருப்படி ஒன்பது நிமிடம். இசைக்கோப்பு பாப் ஜேம்ஸ். பேஸும் டிரம்ஸும் ஒரே நடையை விடாப்பிடியாகக் காக்க, எரிக் கேலின் கிட்டார் புளூஸ் பேசுகிறது. குரோவர் அவசரமே இல்லாமல் படிப்படியாக மேலேறுகிறார்.

1980இன் ‘வைன்லைட்’ இதைவிடப் பக்குவமானது. இந்தத் துறையில் ஒரே ஆல்பம்தான் கேட்பேன் என்பவருக்கு நான் இதையே தருவேன். பில் விதர்ஸ் பாடிய ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’ இதில்தான் இருக்கிறது. வானொலியில் பரவியது அதன் சுருக்கப் பதிப்பு. ஆல்பத்தில் அது ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாட்டு ஓயும் இடத்தில் ஸ்டீல் பேனும் சாக்சபோனும் விரிவாக வாசிக்கின்றன. அந்தப் பகுதியைக் கேட்காதவர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். இருபதைத் தாண்டியிருந்த மார்கஸ் மில்லரின் பேஸையும் ஸ்டீவ் கேட்டின் டிரம்ஸையும் மட்டும் பின்தொடர்ந்து இன்னொரு முறை கேளுங்கள். இந்த மென்மை எத்தனை கட்டுப்பாட்டின் மேல் நிற்கிறது என்பது அப்போது தெரியும்.

ஜார்ஜ் பென்சனும் சி.டி.ஐ.யில் இருந்தவர்தான். ஆர்கன் கலைஞர் ஜேக் மெக்டஃபின் குழுவில் தேறியவர், மைல்ஸ் டேவிஸுடனும் வாசித்தவர். நிறுவனம் மாறி 1976இல் டாமி லிபூமாவின் தயாரிப்பில் ‘பிரீஸின்’ ஆல்பத்தைத் தந்தார். ஆறு உருப்படிகளில் ஒன்றில் மட்டுமே பாடுகிறார். அது லியான் ரஸ்ஸலின் ‘திஸ் மாஸ்கரேட்’. கிட்டாரில் விரல் தொடும் அதே சுரங்களை அதே கணத்தில் குரலாலும் பிடிக்கிறார். விரலை மனம் முந்துகிறதா, மனத்தை விரல் முந்துகிறதா என்று பிரிக்க முடியாது. ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது. ஆல்பம் பில்போர்டின் பொதுப் பட்டியலிலேயே முதலிடம் பிடித்தது.

மேற்குக் கரையின் பாணி வேறு. ஹூஸ்டனில் பள்ளித் தோழர்களாகச் சேர்ந்தவர்கள் ‘ஜாஸ் குருசேடர்ஸ்’. லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து, பின்னர் தம் பெயரில் இருந்த ‘ஜாஸ்’ என்ற சொல்லை விட்டார்கள்; தேவாலயப் பாட்டும் டெக்சாஸ் புளூஸும் கலந்த அடிநாதத்தை விடவில்லை. ராண்டி கிராஃபோர்ட் பாடிய ‘ஸ்ட்ரீட் லைஃப்’ (1979) புகழ்பெற்றது. அந்தக் குழுவின் பியானோ கலைஞர் ஜோ சாம்பிள் தனியாக வெளியிட்ட ‘ரெயின்போ சீக்கர்’ (1978) என் மனத்துக்கு அதைவிட நெருக்கம். லாரி கார்ல்டன் தம் பெயரிலேயே 1978இல் வெளியிட்ட கிட்டார் ஆல்பமும் இந்த வரிசைதான். பிறகு டேவ் குரூசினும் லாரி ரோசனும் ஜி.ஆர்.பி. நிறுவனத்தின் மூலம் டிஜிட்டல் பதிவின் துல்லியத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கையில் அது அழகு. பின்வந்தவர்கள் அந்தப் பளபளப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கிட்டார் கலைஞர் பேட் மெத்தனியை எந்தப் பாணியிலும் அடைக்க வேண்டாம். ‘ஸ்டில் லைஃப் (டாக்கிங்)’ (1987) ஆல்பத்தின் ‘லாஸ்ட் டிரெயின் ஹோம்’ உருப்படியில் அவர் வாசிப்பது மின்சித்தார். அடியில் டிரம்ஸ் ரயிலாக ஓட, சொல்லில்லாத குரல்கள் வந்து சேர்கின்றன. இனிமையும் சிந்தனையும் ஒன்றையொன்று குறைக்காத இசை அது.

அதே 1987இல், பிப்ரவரி 14 அன்று, லாஸ் ஏஞ்சலஸின் ஒரு ராக் வானொலி இந்த வகை இசைக்குத் திரும்பி ‘த வேவ்’ என்று மாறியது. வேறு நகரங்களும் தொடர்ந்தன. வானொலி ஆலோசகர்கள் நேயர்களிடம் சிறு துண்டுகளைப் போட்டுக்காட்டி, பிடித்ததை வைத்தார்கள், உறுத்தியதை நீக்கினார்கள். இப்படி நீக்கப்பட்டது பெரும்பாலும் தனிவாசிப்பு. டிரம்ஸ் கலைஞரின் இடத்தில் இயந்திரத் தாளம் உட்கார்ந்தது. சாக்சபோன் கலைஞர் கென்னி ஜியின் ‘பிரெத்லெஸ்’ (1992) அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அவருடைய மூச்சுக்கட்டு உண்மையானது. ஆனால் மெட்டைத் தாண்டி அவர் எங்கும் போவதில்லை. உறுத்தாததையே தேடிய வானொலி நெடுநாள் நிலைக்கவுமில்லை. நியூயார்க்கின் நிலையம் 2008இலும் சிகாகோவினுடையது 2009இலும் வேறு இசைக்கு மாறின. அந்தக் காலத்திலும் பாப் ஜேம்ஸ், லீ ரிட்டனூர், நேதன் ஈஸ்ட், ஹார்வி மேசன் சேர்ந்த ‘ஃபோர்ப்ளே’ (1991) தரம் தாழாமல் நின்றது. புதியவர்களில் ராபர்ட் கிளாஸ்பரின் ‘பிளாக் ரேடியோ’ (2012) ஹிப்-ஹாப்பின் வழியே அதே மென்மைக்குத் திரும்பிவருகிறது.

டேவிட் சான்பார்னைத் தனியே சொல்ல வேண்டும். சிறுவயதில் போலியோ தாக்கியது. நெஞ்சு வலுப்பட ஊதுகருவி பழகச் சொன்னார் மருத்துவர். பதின்வயதில் ஆல்பர்ட் கிங்குடன் புளூஸ் வாசித்தார். அவருடைய ஆல்டோவில் எப்போதும் ஓர் அழுகை உண்டு; எத்தனை மெருகிட்டாலும் அது மழுங்கவில்லை. ஸ்மூத் ஜாஸ் என்ற பட்டியலில் தம்மைச் சேர்ப்பதை அவர் விரும்பவில்லை. பாப் ஜேம்ஸுடன் அவர் செய்த ‘டபுள் விஷன்’ (1986) இந்த மரபின் சிகரங்களில் ஒன்று. இருபத்தேழு ஆண்டு கழித்து அதே இருவரும் டேவ் புரூபெக்கின் நால்வர் குழுவை மனத்தில் வைத்து ‘குவார்டெட் ஹ்யூமைன்’ (2013) வெளியிட்டார்கள். டிரம்ஸில் அதே ஸ்டீவ் கேட், பேஸில் ஜேம்ஸ் ஜீனஸ். சின்தசைசர் மெருகு இல்லை, வயலின் கூட்டம் இல்லை. நால்வரும் ஒருவருக்கொருவர் காதுகொடுத்து வாசிக்கிறார்கள். ‘டபுள் விஷன்’ முடிந்த கையோடு இதைக் கேட்க வேண்டும்.