பீரோ திறக்கும் நேரம்

அரசு உயர்நிலைப் பள்ளி நூலகம் பல ஊர்களில் தனி அறை அல்ல; ஆசிரியர் அறை மூலையில் நிற்கும் இரும்பு பீரோதான். சாவி தமிழாசிரியரிடம். அவர் விடுப்பு என்றால் நூலகமும் விடுப்பு.

ஆனாலும் அந்த பீரோவுக்குத் தனி ருசி. திறந்ததும் அந்துருண்டை வாசனை, காலிகோ அட்டை, முதுகில் மசியால் எழுதிய எண். எனக்குப் பிடித்தது உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டு. கலைக்களஞ்சியத்தின் சீட்டு பளிச்சென்று வெறுமையாக இருக்கும். துப்பறியும் கதைக்கோ இடம் போதாமல் மேலே இன்னொன்று ஒட்டியிருப்பார்கள். பிள்ளைகளின் ரசனைக்கு இதைவிட நேர்மையான கணக்கு கிடையாது.

ஆனால் அந்த பீரோவின் சாவி ஆசிரியரிடம்தான். சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து நூலக விதிகளை நூலாக்கினார். பூட்டி வைக்க அல்ல புத்தகம், புழங்கத்தான் என்பது முதல் விதியின் சாரம். பாவம், ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தால் தணிக்கையில் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்! ஆனால் சாவியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டால், மதிய இடைவேளையில் அவர்களே பதிவேட்டில் எழுதிப் புத்தகங்களைக் கொடுத்து வாங்கிவிடுவார்கள். புத்தகம் கிழியத்தான் செய்யும். ஒட்டப் பசை இருக்கிறது.